சொந்தமாகப் பொருத்திய கணினி தானாக அணைந்து எழும்புகிறது: பவர் சப்ளைதான் காரணமா?

5 அக்டோபர் 2024, காலை 9.12, சுங்கை சிப்புட் (மலேசியா) வாசகர் கேட்டது

நானே சாமான் வாங்கிப் பொருத்திய கணினி. ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. பவர் சப்ளை மட்டும் பழையது, அண்ணன் கொடுத்தது. ஒரு மாதமாகத் திடீர் என்று அணைந்து தானே எழும்புகிறது. கேம் விளையாடும்போது ஒன்றும் ஆவதில்லை. சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் லாகின் திரையில் வந்து நிற்கிறது. கடையில் பவர் சப்ளை மாற்று, 300 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். இந்த மாதிரி அணைந்தால் நூற்றுக்கு நூறு பவர் சப்ளைதான். சரிதானே அக்கா?

5 அக்டோபர், காலை 10.30

நூற்றுக்கு நூறு என்று எழுதாதீங்க தம்பி. என் வீட்டுக் கணினியும் இரண்டு மாதமாக இதே நோயில் கிடக்கிறது. முதல் வாரம் நானும் பவர் சப்ளை என்றுதான் அடித்துச் சொன்னேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்க. நீலத் திரை வந்து, ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு எழும்புகிறதா? இல்லை, விளக்கை அணைத்த மாதிரி ஒரே இருட்டா? இரண்டும் வேறு வேறு நோய். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடந்தால் ஈவென்ட் வியூவரை (விண்டோஸ் தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவேடு) திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் பாருங்க. ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ‘பவர்’ என்ற சொல்லைக் கண்டதும் பவர் சப்ளை என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது, அவ்வளவுதான் அந்த வரி சொல்கிறது. ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது.

அதே வரியின் டீடெயில்ஸ் பக்கத்தில் ‘பக்செக்கோட்’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே 0 இருந்தால் நீலத் திரை போடக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு எண் இருந்தால் அந்த எண்ணே தடயம். ஒன்றைக் கவனிங்க: அங்கே நாம் எண்ணுகிற, பத்தை அடியாகக் கொண்ட சாதாரண எண்ணாக இருக்கும், நீலத் திரைக் குறியீடுகள் பதினாறை அடியாகக் கொண்ட எண்ணில் இருக்கும். என்னுடையதில் ஒருநாள் 26 இருந்தது. அதை மாற்றினால் 1ஏ. நினைவகப் பிழை.

5 அக்டோபர், இரவு 11.50

இந்தக் கணினி மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா. 2007இல்தான் அந்தப் பெயர். அம்மா இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். தோட்டத்து ஆபீஸில் கிராணி (எழுத்தர்) வேலை. லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்து பதினோரு வருடம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் ஒவ்வொன்றாக இடிகிறதைப் பார்த்த பிறகு, பழைய ஆட்கள் பாடுகிற தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்து வைக்க ஆரம்பித்தேன். அதற்காகத்தான் தீபாவளி போனஸ் இரண்டைச் சேர்த்து, அண்ணன் மகனோடு உட்கார்ந்து இதைப் பொருத்தினேன். ரைசன் 5 3600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் நான்கு. பவர் சப்ளை 550 வாட், ஏழு வருடப் பழசு, செகண்ட்ஹேண்ட்.

ஆகஸ்டில் எங்கள் ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) பிள்ளை பார்த்த ஆயாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என்னையும் அந்தக் கையில்தான் அம்மா விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) போவார். எண்பது தாண்டிய கிழவி. மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் குரல் திறந்தது. மூன்றாவது தாலாட்டின் நடுவில் திரை இருண்டது. கோப்பு திறக்கவே இல்லை. ஆயா “முடிஞ்சிருச்சா கண்ணு?” என்றார். முடிந்தது என்று பொய் சொல்லி அனுப்பினேன். அந்தப் பொய் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

8 அக்டோபர், இரவு 9.05

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

பிறகு ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒற்றையாகச் சோதித்தேன். நான்கும் தேறின. நான்கையும் சேர்த்துப் போட்டால் தோற்கின்றன. இங்கேதான் நான் ஆறு மாதமாகப் பார்க்காமல் விட்ட விஷயம் இருக்கிறது. ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் 3200 வேகம் இரண்டு ரேம் போட்டால்தான். ஒற்றை ரேங்க் (சில்லுகள் ஒரே தொகுதியாக உள்ள) ரேம் நான்கு போட்டால் 2933, இரட்டை ரேங்க் நான்கு என்றால் 2667. நானோ முதலில் இரண்டு வாங்கி, பிறகு வேறொரு ஜோடி வாங்கிச் சேர்த்து, நான்கையும் எக்ஸ்எம்பி (ரேம் பெட்டியில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் அமைப்பு) போட்டு 3200இல் ஓட்டினேன். பெட்டியில் 3200 என்று அச்சடித்திருந்தால் அது ரேமின் திறன். நான்கைச் சேர்த்து இழுக்கும் பொறுப்பு பிராசசருக்கு.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) 2933க்கு இறக்கிவிட்டு மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

9 அக்டோபர், காலை 6.20

ஒரு பிழையும் இல்லை. நோய் தீர்ந்தது. வேலைக்குக் கிளம்புகிறேன்.

14 அக்டோபர், இரவு 8.15

மேலே எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீலத் திரை போய்விட்டது, உண்மை. ஆனால் இன்று மாலை 6.10க்கு விளக்கை அணைத்த மாதிரி அணைந்தது. பக்செக்கோட் 0.

அப்படியானால் என் கணினியில் இரண்டு நோய், ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தது. ஒன்றைக் குணப்படுத்தியதும் மற்றது பிழைத்துக்கொண்டது. ‘ரேமை மாற்றினேன், சரியாகவில்லை, ஆகவே ரேம் காரணமில்லை’ என்று நாம் கணக்குப் போடுகிறோமே, அந்தக் கணக்கு ஒரே நோய் இருக்கும்போதுதான் சரி.

15 அக்டோபர், இரவு 10.40

சூடு பற்றிக் கேட்டவர்களுக்கு: என் 3600 பிராசசருக்கு 95 டிகிரி வரை இடம் இருக்கிறது. முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் வைத்தேன், 78ஐத் தாண்டவில்லை. எங்கள் பக்கம் மத்தியானம் விசிறிக் காற்றே சூடாகத்தான் வரும், அதற்கு 78 நல்ல எண்.

கேசிங்கைப் பிரித்தும் பார்த்தேன். முன்பக்க வலையில் மில் புகைக்கரி கம்பளி மாதிரி. போர்டுக்குப் பின்னால், வயர் போகும் இடுக்கில், பல்லி முட்டை இரண்டு ஒட்டியிருந்தது, ஒன்று உடைந்து காய்ந்து. போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுக்கால்கள் சரியான இடத்தில்தான் இருந்தன. பிராசசருக்குப் போகும் 8 பின் வயரையும் கிராபிக்ஸ் கார்டு வயரையும் கழற்றி, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். சுத்தம் பண்ணினதால் சத்தம் குறைந்தது. நோய் குறையவில்லை, இன்று 6.02க்கு மறுபடி.

19 அக்டோபர், மதியம் 1.30

இதை முன்பே செய்திருக்க வேண்டும். பிரிட்ஜ் மேல் கிடந்த பழைய கணக்குப் புத்தகத்தில் அணைகிற நேரத்தை எழுத ஆரம்பித்தேன். ஈவென்ட் வியூவரில் பழைய நேரங்களும் இருந்தன, அதையும் சேர்த்தேன். 6.10, 6.02, 5.58, 6.21. ஞாயிறு என்றால் காலை 10.40. ராத்திரி பத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. வீடியோ வேலை எல்லாம் நான் ராத்திரி பத்துக்கு மேல்தான் செய்வேன். அதாவது கடுமையாக உழைக்கும் நேரத்தில் அணைவதில்லை.

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி கலக்கப் போனேன். அம்மாவுக்கு எழுத்து வராது, மணி பார்க்க வரும். நான் வாய்விட்டு நேரங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: “நான் குளிக்கத் தண்ணி மோட்டார் போடுற நேரமுல்ல அது. மோட்டாரு டக்குனு எடுக்குறப்போதான் உன் பொட்டி சாவுது. எனக்கு எப்பவோ தெரியும். நீ கேக்கல.”

ஞாயிறு காலை 10.40 அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரம்.

20 அக்டோபர், மாலை 5.00

இன்று வேண்டுமென்றே மோட்டாரை 12 தடவை போட்டு அணைத்தோம். கணினி 3 தடவை அணைந்தது. ஒவ்வொரு தடவையும் அறை விளக்கு இமைத்தது.

மோட்டார் எடுக்கும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நேரம் வோல்டேஜ் இறங்குகிறது, பவர் சப்ளை தாங்காமல் விழுகிறது. இதுதான் காரணம். முடிந்தது.

21 அக்டோபர், இரவு 9.50

முடியவில்லை. பினாங்கிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது: உங்கள் பவர் சப்ளை ஒட்டுத்தாளில் 100–240 வோல்ட் என்று இருந்தால், கொஞ்சம் இறங்கினதற்கு ஏன் விழ வேண்டும்? கீழே குனிந்து பார்த்தேன். 100–240 என்றுதான் இருக்கிறது. மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், கூட 10 விழுக்காடு, குறைய 6 விழுக்காடு வரை போகலாம், அதாவது 216லிருந்து 253 வரை. மோட்டார் இழுத்து இருபது வோல்ட் இறங்கினாலும் அந்தப் பவர் சப்ளைக்கு அது பொருட்டே இல்லை.

அப்படியானால் வோல்டேஜ் இறங்கவில்லை, ஒரு கணம் அறுந்தே போகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சிக்கு 20 மில்லி விநாடி. வெளியே கரண்ட் அறுந்தால் பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு குறைந்தது 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ் விதி (கணினிப் பவர் சப்ளைகளுக்கான தரவிதி) வைத்திருந்தார்கள். புதியதாக இருந்தபோது என்னுடையது தாங்கியிருக்கும். ஏழு வருடச் சூட்டில் கெப்பாசிட்டர் வற்றியிருந்தால்?

இரண்டு கேள்வி நிற்கிறது. கரண்ட் எங்கே அறுகிறது? பவர் சப்ளைக்கு வயதாகிவிட்டதா?

1 நவம்பர், இரவு 11.15

தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வந்தது. முறுக்கு டின்னோடு அண்ணன் மகன் தன் கணினியின் பவர் சப்ளையையும் கழற்றிக்கொண்டு வந்திருந்தான், ஒரு வருடம்கூட ஆகாதது. இன்று வீட்டில் விருந்தாட்கள் டிவி பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து மாற்றினோம். மோட்டாரை 20 தடவை போட்டோம். விளக்கு இமைக்கிறது. கணினி அசையவில்லை.

ஆகவே சுங்கை சிப்புட் தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது, என் வீட்டில் பழைய பவர் சப்ளை குற்றவாளிகளில் ஒன்று. இங்கே நிறையப் பேர் ‘சொன்னோமா இல்லையா’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் விளக்கு ஏன் இமைக்கிறது? அதற்குப் பவர் சப்ளை பதில் சொல்லாது. இப்போது நிறுத்திவிட்டால் புதுப் பவர் சப்ளை அந்த அடியை வாங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒருநாள் கிழடாகும்.

3 நவம்பர், மதியம் 2.10

எங்கள் லயத்தில் என்னோடு வளர்ந்த அண்ணன் ஒருவர் இப்போது லைசென்ஸ் உள்ள வயர்மேன். காலையில் வந்தார். கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், அங்கே உள்ள பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு மீட்டரை வைத்தார். 236 வோல்ட் 233 ஆனது. அதே பெட்டியை என் அறைப் பிளக்கில் போட்டார். 236லிருந்து 225. “எட்டு வோல்ட் எங்க போச்சு?” என்று அவரே கேட்டுக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி எட்டரை ஆம்பியர் இழுக்கிறது. எட்டு வோல்ட்டால் பெருக்கினால் 68 வாட். அந்த 68 வாட் சுவருக்குள் எங்கேயோ சூடாகிக்கொண்டிருக்கிறது. ஈயம் பற்றவைக்கிற கோலின் சூடு.

மெயினை அணைத்துவிட்டு என் மேசைக்குப் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றினார். வாசனை முதலில் வந்தது, கருகின மீன் மாதிரி. சிவப்பு வயர் சரியாக இருந்தது. பச்சை சரி. கருப்பு நியூட்ரல் வயர் உள்ள திருகை அவர் விரலால் தொட்டதும் சுற்றியது. விரலால்! செம்பு கறுத்து, மேலுறை ஒரு அங்குலத்துக்குப் பழுப்பாகி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. பிளாஸ்டிக் தட்டின் உள்பக்கம் குமிழ் குமிழாக உருகியிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் ஒரு கறைகூட இல்லை.

தண்ணீர் மோட்டாருக்குப் போகும் லைன் அந்தப் பிளக்கிலிருந்துதான் தொடர்கிறது. மோட்டார் இழுக்கும் கரண்ட் முழுவதும் என் மேசைக்குப் பின்னால் அந்த லூசான திருகைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி தட்டி, தொடர்பு விட்டு விட்டு ஒட்டியிருக்கிறது. அதுதான் விளக்கு இமைத்தது.

கருகின அளவுக்கு வயரை வெட்டி, புதுப் பிளக் தட்டு போட்டு, மோட்டாருக்கு டிபியிலிருந்து (வீட்டு மெயின் பெட்டி) தனி லைன் இழுக்க அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அம்மா அந்தக் கருகின துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் கட்டில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்.

4 நவம்பர், இரவு 10.00

பழைய பவர் சப்ளையைத் திரும்பப் போட்டு 30 தடவை மோட்டார் போட்டேன். ஒரு தடவையும் அணையவில்லை. விளக்கும் இமைக்கவில்லை.

இருந்தும் பழையதைக் கழற்றி வைத்துவிட்டேன், புதியது வாங்குகிறேன். கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டவருக்கு: பவர் சப்ளைப் பெட்டியைத் தயவுசெய்து திறக்காதீங்க. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அது போகாது.

இன்னொன்று. சுவர்ப் பிளக்கை நீங்களாகக் கழற்றாதீங்க. 60 வெள்ளி கொடுத்தேன், மூன்று பேர் தூங்குகிற வீட்டுக்கு அது பெரிய காசில்லை. ஆனால் கையை வைத்துப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். இஸ்திரி போட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு சரி, கையை எடுக்க வைக்கிற சூடு சரியில்லை.

9 நவம்பர், மாலை 4.40

கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கிறது, அது கெட்ட பவர் சப்ளையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் எர்த் வரவில்லை என்று பொருள். பவர் சப்ளையின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டி கெப்பாசிட்டர்கள் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கேசிங்கைக் கட்டி வைத்த மாதிரி இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங்கில் பாதி வோல்டேஜ், 115 பக்கம் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போகிறது. எக்ஸ்டென்ஷன் வயரைத்தான் முதலில் சந்தேகப்படுங்க. பழைய லயத்து வீடு என்றால் வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் (கசிவு கண்டால் கரண்டை அறுப்பது) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.

10 நவம்பர், காலை 7.30

தம்பி, மன்னிச்சிருங்க. இன்று காலை உங்கள் கேள்வியை முதலிலிருந்து படித்தேன். ‘கேம் விளையாடும்போது ஒன்றும் ஆவதில்லை, சும்மா விட்டால் அணைகிறது’ என்று முதல் நாளே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரமாக என் நோயைப் பற்றியே எழுதி, உங்கள் நோயை நான் பார்க்கவில்லை.

வேலையில்லாதபோது ரைசன் பிராசசர் சி6 என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். அப்போது 12 வோல்ட் லைனில் இழுப்பது மிகக் கொஞ்சம். பழைய பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு இவ்வளவு குறைந்த சுமையில் நிலையாக நிற்க வராது, அணைத்துக்கொள்ளும். 2013இல் இன்டெல் ஹேஸ்வெல் பிராசசர் வந்தபோதே இதே தொல்லை பேசப்பட்டது, 0.05 ஆம்பியர் வரை இறங்கினாலும் தாங்குமா என்று பவர் சப்ளைகளைச் சோதித்தார்கள். உங்கள் பயாஸில் ஏஎம்டி சிபிஎஸ் பகுதிக்குள் ‘பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்’ என்று தேடுங்க. ‘ஆட்டோ’வில் இருக்கும். ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றுங்க. செலவில்லை. இந்தத் தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன் பயாஸ் ஏதும் புதுப்பித்தீர்களா? புதுப்பித்திருந்தால் பழைய அமைப்பு மாறியிருக்கலாம்.

17 நவம்பர், இரவு 8.45

தம்பி எழுதியிருக்கிறார்: மாற்றி ஏழு நாள், ராத்திரி பகல் திறந்தே வைத்திருக்கிறார், ஒருமுறையும் அணையவில்லை. பயாஸ் புதுப்பித்தது ஆகஸ்ட் கடைசியில், நாள் ஒத்துப் போகிறது. அண்ணன் கொடுத்த பவர் சப்ளை கிழடுதான், அதனால் அவர் சந்தேகமும் வீண் இல்லை. நல்லது வரும்போது மாற்றுங்க தம்பி, 300 வெள்ளிக்கு இப்போது அவசரம் இல்லை.

இந்தப் பருவத்தில் இன்னும் ஒன்று: சாயங்காலம் இடி கட்டினால் பிளக்கைப் பிடுங்குவதோடு மோடத்திலிருந்து வரும் நெட்வொர்க் வயரையும் பிடுங்கி வைங்க. மின்னல் அந்த வழியிலும் வரும்.

24 நவம்பர், இரவு 9.20

இன்று ஆயாவைத் திரும்பக் கூட்டி வந்தேன். ஆகஸ்டில் பொய் சொன்னதை முதலில் சொன்னேன். “அதுக்கென்ன, எனக்குப் பாட்டு தீர்ந்தா போச்சு” என்றார். கணினியோடு கைப்பேசியிலும் சேர்த்துப் பதிந்தேன், இனி ஒன்றை நம்பி உட்கார மாட்டேன்.

மூன்றாவது தாலாட்டு ஆகஸ்டில் பாடியது மாதிரி இல்லை. நடுவில் இரண்டு வரி எனக்கு நினைவில் உள்ளது வரவில்லை, அந்த இடத்தில் வேறு இரண்டு வரி வந்தது. அந்தப் பழைய இரண்டு வரியைக் கேட்டேன், அப்படி ஒன்று தனக்குத் தெரியாது என்கிறார். எனக்கு நினைவிருக்கிற அளவுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

ஐம்பத்திரண்டு நிமிடப் பதிவு. ஆறு மணிக்கு அம்மா மோட்டார் போட்டார், பதிவின் கடைசியில் அந்த ‘டக்’ சத்தம் தூரத்தில் கேட்கிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.